அது ரஷ்யக் கதை அல்ல

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னது நம்மவர் ஒருவரும் இல்லை. இல்ஸே சொன்னார். தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன், தொலைபேசி அடித்தது. "ஸ்டெல்லா இன்றைக்கு வேலைக்கு வரவில்லை. மாரடைப்பு. முடிந்துவிட்டது" என்றார் ஜெர்மன் மொழியில். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "அந்தத் திருத்தத்தைப் போட்டீர்களா?" என்று கேட்டார். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அக்காவைத் தெரிந்தவர்கள் என்று அன்று தேவாலயத்தில் மாலையோடு வந்து நின்றீர்களே, உங்களில் எத்தனை பேருக்கு இல்ஸேயைத் தெரியும்? அவர் லாத்வியாக்காரி. பால்டிக் கடலோரம் இருக்கிற சின்ன நாடு அது. ஒரு ஜெர்மன்காரரைக் கட்டி இங்கே ஜெர்மனிக்கு வந்தவர். அக்கா மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர். முதியோர் இல்லமொன்றின் சமையற்கட்டில் இருவருக்கும் வேலை. அங்கே ஒருத்தி "இந்தியாக்காரி", மற்றவள் "ரஷ்யாக்காரி". "ரெண்டு பேருக்கும் பிழையான பேர் தம்பி. அதிலைதான் நாங்கள் சிநேகிதமானது" என்பார் அக்கா.

அந்தச் சமையற்கட்டில்தான் லாத்வியக் கதைகளின் மொழிபெயர்ப்பு நடந்தது. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே இல்ஸே ஒரு வசனத்தை லாத்விய மொழியில் சொல்வார், பிறகு ஜெர்மனில் விளக்குவார். அக்கா அதைத் தமிழில் சொல்லிக் காட்டுவார். தமிழில் ஒரு சொல்லும் விளங்காத இல்ஸே நீளத்தை மட்டும் காதால் அளந்து, "இதை எழுதியவள் இவ்வளவு பேசமாட்டாள், குறை" என்பார். அக்கா குறைப்பார். சில வருடங்களில் அகராதியும் கையுமாக லாத்விய மொழியைத் தானே வாசிக்கத் தொடங்கிவிட்டார். ஜெர்மனில் இருப்பதைப் பார்த்துச் செய்தால் போதாதா, ஏன் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "அவள் சொன்னதை ஜெர்மன்காரன் கேட்டு, அவன் சொன்னதை நான் கேட்டு எழுதவோ? எனக்கு ஏலாது. அவளின்ரை வாயாலை கேக்கோணும்."

அவள் என்றது லாத்வியத் தலைநகர் ரீகாவில் இன்றும் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை. அவருடைய கதையொன்றுக்கு அக்கா "திறப்பு" என்று பெயர் வைத்தார்; எங்கள் ஊர்ப் பேச்சில் சாவி. சோவியத் காலத்தில் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட ஒருத்தி, பல வருடம் கழித்து வீட்டுத் திறப்போடு திரும்பி வருகிறாள். பூட்டு மாற்றப்படவில்லை. கதவு திறக்கிறது. உள்ளே அறிமுகமில்லாத குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. "மன்னியுங்கள்" என்று சொல்லி அவள் கதவைச் சாத்துகிறாள். அவ்வளவுதான் கதை. மன்னாரிலிருந்து ஓடிவந்தவருக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அதை நான் நடத்திய சஞ்சிகைக்குத் தந்தார். தலைப்பின் கீழே "லாத்வியச் சிறுகதை" என்று வடிவாக எழுதியிருந்தார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். லாத்வியா என்றால் எங்கள் வாசகருக்கு என்ன தெரியும் என்று, ரஷ்யப் புத்தகம் வாசித்து வளர்ந்த கொழுப்பில், சிவப்புப் பேனாவால் அதை வெட்டி "ரஷ்யச் சிறுகதை" என்று எழுதினேன். நாடுகடத்தியவர்களின் பெயரை நாடுகடத்தப்பட்டவளின் நெற்றியில் ஒட்டினேன். தெரியாமல் செய்த பிழை அல்ல இது.

அந்த இதழ் இங்கே ஊன்ட்றொப் என்கிற ஊரில் இருக்கிற அம்மன் கோயில் தேரன்று என் மேசையில் விற்பனைக்கு இருந்தது. இல்ஸேக்குத் தேர் காட்ட அக்கா அவரை அழைத்து வந்திருந்தார். இல்ஸே ஆசையோடு பக்கத்தைப் புரட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். அக்கா பார்த்தார். அந்த ஒரு வரியை மொழிபெயர்க்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மறைக்காமல் சொன்னார். இல்ஸே சஞ்சிகையை மூடி மேசையில் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

"நீர் எழுதின கதையைச் சிங்களக் கதை எண்டு ஆரும் போட்டால் விடுவீரோ?" அக்காவின் குரல் மேளத்தையும் மீறி வந்தது. "சிங்களம் கூடாதெண்டு சொல்லேல்லை. நாங்கள் அது இல்லை. அவ்வளவுதான். சின்னச் சனமெண்டால் பேர் வேண்டாமோ?"

"அடுத்த இதழிலை திருத்தம் போடுறன் அக்கா."

"போடும். பாப்பம்."

அடுத்த இதழ் வரவில்லை. சஞ்சிகை படுத்துவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனையோ இடத்தில் நான் எழுதினேன். நாலு வரி திருத்தத்துக்கு மட்டும் என் கை வளையவில்லை.

அக்கா பதினொரு கதைகளைத் தொகுப்பாக்கிச் சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பினார். அவர்கள் தொலைபேசியில் பேசியபோது நானும் அருகில் இருந்தேன். "லாட்வியான்னா யாருக்குமே தெரியாது மேடம். ரஷ்யன் ஸ்டோரீஸ்னு டைட்டில் வைங்க, லைப்ரரியில ஈஸியா எடுத்துப்பாங்க." அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அப்ப வேண்டாம் தம்பி, திருப்பி அனுப்புங்கோ" என்று வைத்துவிட்டார். புத்தகம் வரவேயில்லை. அச்சில் வந்த அவருடைய ஒரே கதை, நான் பெயரைக் கெடுத்த அந்தக் கதைதான்.

முப்பத்தோராம் நாள் பூசையில் நினைவுமலர் கொடுத்தார்கள். வழவழப்பான தாள், மெழுகுதிரிப் படம், மாமன் மச்சான் பேரெல்லாம் பிழையில்லாமல் இருந்தது. நடுப்பக்கத்தில் ஒரு சங்கத்தின் அஞ்சலி: "ரஷ்ய இலக்கியத்தைத் தமிழுக்குத் தந்த தாரகை." அக்கா கதை வாசிக்க மண்டபம் கேட்டபோது "எங்கடை சனத்துக்கு எங்கடை கதையே காணும், பிறத்தியார் கதை வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிய அதே சங்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செயலாளரைப் பிடித்து, "இதை எங்கை எடுத்தனீங்கள்?" என்று கத்தினேன்.

மனிதர் மிரண்டுபோனார். "உங்கடை சஞ்சிகையிலைதான் அண்ணை. ஏன், நீங்கள் போட்டது பிழையோ?"

பக்கத்தில் இல்ஸே கறுப்பு உடையில் நின்றிருந்தார். தமிழ் தெரியாது. ஆனால் என் முகம் அவருக்கு விளங்கியது.

அக்காவின் கைப்பிரதியில் முதல் தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. அவருடைய நீல எழுத்து, மேலே என் சிவப்புக் கோடு. இரண்டும் மங்கவில்லை. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பிந்திப்போன மனுசனுக்குச் செய்ய மிச்சம் இருப்பது இதுதான்.

திருத்தம்: எமது சஞ்சிகையில் "ரஷ்யச் சிறுகதை" எனக் குறிப்பிடப்பட்ட "திறப்பு", ஒரு லாத்வியச் சிறுகதை. லாத்விய மொழியிலிருந்து நேரடியாகத் தமிழாக்கியவர் ஸ்டெல்லா, மன்னார். கேட்டுச் சரிபார்த்தவர் இல்ஸே, லாத்வியா. மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. பிழை விட்டவர் ஆசிரியர்.