மாசிமாவின் முன்னால் தமிழ்

போன வாரம் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் இளம்பெண் என்னைப் பார்க்க வந்தாள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்று வளர்ந்தவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். "ரெண்டு மொழியில வளர்ற குழந்தைங்க ஒரு பொக்கிஷம், ஆண்ட்டி. இதுல ஆராய்ச்சிக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கு தெரியுமா?" என்றாள். நல்ல பெண். டீ கொடுத்தேன், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், வாசல்வரை போய் வழியனுப்பினேன். கதவைச் சாத்திய பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. பொக்கிஷமாம்! எனக்கு ஏழு வயதாக இருந்தபோது இதே ஊரில் இதே விஷயத்துக்கு வைத்திருந்த பெயர் 'குறைபாடு'. அதை ஒழுங்காக எழுதி வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். அப்பா மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார், மாற்றலாகி வந்தவர். அம்மாவுக்கு மதுரை. தமிழ் தவிர, காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குப் பெங்காலி பழகியிருந்தாள். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா இருந்தார். அவரை மாசிமா என்று கூப்பிடுவோம். அம்மாவின் தங்கையை அழைப்பதுபோல. எனக்கு இரண்டு மொழிகளும் ஒன்றாகவே வந்தன. மாடிப்படியில் இறங்கும்போதே பெங்காலிக்கு மாறிவிடுவேன், ஏறும்போது தமிழுக்கு. அது ஒரு திறமை என்று எனக்குத் தெரியாது. எல்லோருடைய வீட்டிலும் படிக்கட்டு அப்படித்தான் வேலை செய்யும் என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் குடிவந்த புதிதில் ஒரு சங்கடம் நடந்தது. மாசிமா மாடிக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது அம்மா என்னிடம், "பாலு பொங்கப் போகுது, போய்ப் பாரு" என்றாள். நான் பாலைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தேன். எதற்குச் சிரித்தேன் என்று நினைவில்லை. மாசிமா முகம் இறுகி எழுந்து போய்விட்டார். தன்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லிச் சிரிக்கிறோம் என்று தெருவில் நாலு பேரிடம் சொன்னாராம். அது அப்பாவின் காதுவரை வந்தது. அன்றிலிருந்து அம்மா ஒரு சட்டம் போட்டாள்.

"அவங்க முன்னாடி நம்ம பாஷை பேசக் கூடாது. அது மரியாதை இல்ல. புரியுதா?"

அந்தச் சட்டத்தை அம்மாவும் பிசகாமல் கடைப்பிடித்தாள். பெங்காலிக்காரர் யார் வீட்டுக்குள் வந்தாலும், பெற்ற மகளிடமே தன் ஓட்டைப் பெங்காலியில் பேசுவாள். "தண்ணி கொண்டா" என்பதற்கு அவள் சொல்லும் வாக்கியத்தைக் கேட்டு மாசிமா முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். இருவருக்கும் நட்பு ஏற்பட்டதே அதற்குப் பிறகுதான்.

பாலிகஞ்ச் பக்கம் ஓர் ஆங்கிலப் பள்ளியில் என்னைச் சேர்த்திருந்தார்கள். ஆங்கிலத்தில் நான் மெதுவாகத்தான் பேசினேன். ஒரு நாள் வெளிமாநிலக் குழந்தைகளின் தாய்மொழித் திறனைச் சோதிக்கிறவர் என்று ஒருவர் பள்ளிக்கு வந்தார். வெள்ளை ஜிப்பா, கறுப்பு ஃபிரேம் கண்ணாடி, கையில் படம் போட்ட அட்டைகள். என்னை ஓர் அறையில் எதிரே உட்கார வைத்து, காக்கையின் படத்தைக் காட்டி, இது என்ன என்று பெங்காலியில் கேட்டார்.

"காக்" என்றேன்.

"அது பெங்காலி. அம்மாவிடம் என்ன சொல்வாய்? அதைச் சொல்லு" என்றார். அதையும் பெங்காலியில்தான் கேட்டார்.

நான் பேசாமல் இருந்தேன். குடையைக் காட்டினார், மீனைக் காட்டினார், ரயிலைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் பெங்காலியில் கணீரென்று பதில் சொன்னேன். தமிழில் சொல்லச் சொன்னபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டேன். பைக்குள்ளிருந்து ஒரு லாசெஞ்ச் மிட்டாயை எடுத்து மேசைமேல் வைத்தார். அதற்கும் நான் அசையவில்லை. அம்மாவின் சட்டத்தை இவ்வளவு உறுதியாகக் காப்பாற்றுகிறேனே என்று எனக்குள் பெருமைகூட இருந்தது.

ஒன்றை மட்டும் இங்கே கேட்டுவிடுகிறேன். அந்த மனிதருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. காக்கை என்று நான் சொல்லியிருந்தாலும் கத்தரிக்காய் என்று சொல்லியிருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஒரு மொழியை அறவே அறியாதவர், அந்த மொழி இந்தக் குழந்தைக்கு வரவில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தார்? இந்தக் கேள்வியைப் பள்ளியில் யாரும் கேட்கவில்லை. அதைவிட மோசம், அப்பாவும் கேட்கவில்லை.

அப்பாவைத் தலைமை ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னது இது: தாய்மொழி எனக்குள் வேர் பிடிக்கவில்லை. வேர் பிடிக்காத அந்த மொழி மற்ற மொழிகளையும் வளரவிடாமல் கெடுக்கிறது. வீட்டில் இனி ஆங்கிலம் மட்டும் பேச வேண்டும். அரையாண்டுத் தேர்வில் முன்னேற்றம் இல்லை என்றால் ஒரு வகுப்பு கீழே இறக்கிவிடுவார்கள்.

அன்று மாலை நான் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். எனக்குக் கேட்காது என்று நினைத்து அவர்கள் பேசியதை முழுக்கக் கேட்டேன்.

"நாளையிலேருந்து பாப்பாகிட்ட இங்கிலீஷ்தான்" என்றார் அப்பா.

"எனக்கு எங்கங்க இங்கிலீஷ் வரும்?"

"ரெண்டு வார்த்தை கத்துக்க."

"ரெண்டு வார்த்தையை வச்சுக்கிட்டு புள்ளைகிட்ட என்னத்தப் பேசறது?"

"அப்ப கொஞ்ச நாளைக்கு அவகிட்ட பேசாம இரு. ஒண்ணும் குடி முழுகிடாது."

அப்பா கொடுமைக்காரர் இல்லை. அலுவலகத்தில் மேலிடத்து உத்தரவை எப்படி நிறைவேற்றுவாரோ அப்படி இதையும் நிறைவேற்றினார். அம்மாவும் கீழ்ப்படிந்தாள். என்னை ஒரு வகுப்பு இறக்கிவிடுவார்கள் என்ற பயம் அவளைக் கட்டிப்போட்டிருந்தது. அவளுக்குக் கிடைத்தவை மூன்று சொற்கள்: கம், ஈட், ஸ்லீப். நாய்க்குட்டியிடம்கூட மனிதர்கள் அதைவிட அதிகம் பேசுவார்கள். தலை பின்னும்போது வகிடு எடுத்தபடியே நாளெல்லாம் நடந்ததைச் சொல்லும் அம்மா, இப்போது தோளைத் தொட்டுத் திருப்பினாள், அவ்வளவுதான். சில சமயம் வாயைத் திறப்பாள், உடனே மூடிக்கொள்வாள். அப்பா சொன்னதைக் காதால் கேட்டிருந்தும், நான் செய்த ஏதோ தப்புக்காக என்மேல் கோபமாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அது என்ன தப்பு என்று தேடிக்கொண்டே இருந்தேன். சோற்றைச் சிந்தாமல் சாப்பிட்டேன். செருப்பைச் சுவரோரம் ஒழுங்காக வைத்தேன்.

துர்கா பூஜை வந்தது, போனது. விஜயதசமி வாழ்த்துச் சொல்ல மாசிமா ஒரு தட்டு நிறையத் தேங்காய் உருண்டைகளோடு மாடிக்கு வந்தார். அப்பா வராந்தாவில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மாசிமா என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மாடியில் ஏன் சத்தமே இல்லை, முன்பெல்லாம் நீங்கள் தாயும் மகளும் பேசுவது நாள் முழுக்கக் கீழே கேட்குமே என்றார்.

"எனக்குத் தமிழ் வரவில்லை என்று பள்ளிக்குச் சோதிக்க வந்தவர் சொல்லிவிட்டார்" என்றேன் பெங்காலியில்.

"உனக்கா? வாய் ஓயாமல் கொட்டுவாயே. அவர் கேட்டபோது சொல்வதற்கென்ன?"

"எப்படிச் சொல்வது மாசிமா? அவர் பெங்காலி ஆயிற்றே. உங்கள் ஆட்கள் முன்னால் எங்கள் மொழி பேசினால் மரியாதை இல்லையே."

மாசிமா என் தலையைத் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். அம்மாவுக்கு அவ்வளவு பெங்காலி நன்றாகவே புரியும். அடுப்படி வாசலில் நின்றவள் வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன்டி, அதனாலயா சொல்லாம இருந்த?" என்றாள். தமிழில்.

நான் பதறிப்போனேன். கண்ணால் மாசிமாவைக் காட்டினேன்.

"அவங்க இருந்தா இருக்கட்டும். நான் கேக்கறேன்ல, சொல்லு."

"ஸ்கூல்ல சொன்னது மறந்துபோச்சா?" என்றது செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல்.

"ஸ்கூல்ல சொன்னதும் போதும், நீங்க சொன்னதும் போதும். எம் புள்ளைக்கு மரியாதை தெரிஞ்சிருக்கு, வந்த ஆளுக்குத்தான் கேக்கத் தெரியல. அதுக்கு நான் ஊமையா இருக்கணுமா?"

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. அரையாண்டில் நான் தேறினேன் என்பதையும், வீட்டில் ஆங்கிலம் பேசியதன் பலன் அது என்று தலைமை ஆசிரியை மகிழ்ந்ததையும், அதை அப்பா மறுக்காமல் கேட்டுக்கொண்டு வந்ததையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். இன்றைக்கும் அந்த மூன்றில் கடைசியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று அம்மா நிறுத்தவே இல்லை. மதுரையில் அத்தைக்குக் குழந்தை பிறந்ததை, அரிசிப் பானைக்குள் பல்லி விழுந்ததை, என் பச்சை கவுன் குட்டையாகிவிட்டதை, காக்கை வந்து வடையைத் தூக்கிப்போனதை, எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சொன்னாள். குரல் மட்டும் தெருவில் சண்டை போடுகிறவள் குரல்போல் உயர்ந்துகொண்டே போனது.

"கீ போல்ச்சே?" என்று மாசிமா என்னைக் கேட்டார். என்ன சொல்கிறாள் என்று.

நான் அவசர அவசரமாகப் பல்லியை மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.

"நீ ஒண்ணும் சொல்லாத. கேட்டுக்கிட்டு இருக்கட்டும்" என்றாள் அம்மா.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பண்டிகைக்குத் தட்டோடு வந்தவரின் முன்னால் இப்படியா நடந்துகொள்வது? அம்மாவுக்கு மரியாதை மறந்துபோய்விட்டது என்றே நினைத்தேன். மாசிமா முகத்தை இறுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார் என்று பயந்து அவருடைய சேலை நுனியைப் பிடித்துக்கொண்டேன். அவர் எழவில்லை. புரியாத ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டியபடி, அம்மா பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். ஏன் போகாமல் இருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.