குளிரில் உறங்கிய குழந்தை

1976 ஜூலை, தென்கோளத்தின் நடுக்குளிர்காலத்து ஞாயிறு காலை. கிளென் வேவர்லியில் எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த யாழ்ப்பாணத்துப் பெண், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் முற்றத்தில் விட்டுவிட்டு உள்ளே போனார். மறந்துவிட்டார் என்று பதறி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைத் தட்டினேன். பிள்ளை விழித்து அலறியது.

அவர் கதவைத் திறந்தார். கம்பளித் தொப்பிக்குள் மெலிந்த முகம், அதில் கோபமில்லை.

“மூத்ததுகள் ரெண்டையும் நோர்வேயில இப்பிடித்தான் வெளியில படுக்க வைச்சனான், அண்ணை.”

“தடிமன், இருமல் பிடிக்காதோ?”

“பனிக்குள்ளயே பிடிக்கேல்லை. எழுப்பிப்போட்டியள், இனி நீங்களே நித்திரையாக்குங்கோ.”

பிள்ளையை முற்றத்து வண்டியில் மறுபடி கிடத்தி, ஆட்டி உறங்கவைத்துவிட்டு வீடு திரும்பினேன். இரண்டு மணி நேரம் யன்னலில் நின்று பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் வீட்டுத் திரை சற்று விலகி மூடியது. பிள்ளை அசையாமல் உறங்கியது. ஹீட்டர் அருகில் நின்ற எனக்குத்தான் விறைத்தது.