மதினியின் ரிமோட்டுக்கு வாங்கிய வால்

தீப்பெட்டி அளவுதான் இருந்தது அந்த வெள்ளை இணைப்பு. வீடியோ கேம் ரிமோட்டின் அடியில் செருகினால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் எங்கள் வீட்டில் அதற்கு வால் என்று பெயர் வந்துவிட்டது. அதைச் செருகினால் கையின் சின்ன அசைவுகூடத் திரையில் அப்படியே தெரியும் என்றார்கள். சென்னையில் பழைய மின்சாதனங்கள் விற்கும் கடை ஒன்றில் இரண்டு வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனேன். கேட்டது மதினி, அண்ணனின் மனைவி.

மதினி ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. கல்லூரி நாட்களில் குண்டு எறிதலில் பரிசு வாங்கியவர். அந்த வீடியோ கேமை அண்ணன் தன் மகளுக்காகத்தான் வாங்கினான். அவள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனபின் அது மதினியுடையதாகிவிட்டது. ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கையை வீசினால், டி.வி.யில் பந்து உருண்டு போய்க் கட்டைகளைச் சாய்க்கும். நானும் அண்ணனும் சோபாவில் உட்கார்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சுண்டுவோம். பழைய ரிமோட்டுக்கு அது போதும். கை வீசப்பட்டது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், மீதியை அதுவே ஊகித்துக்கொள்ளும். மதினியோ சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, இரண்டடி பின்னால் போய், முழங்காலை மடக்கி எறிவார். "கைய வீசாம ஆடுததெல்லாம் ஒரு ஆட்டமா?" என்பார். அந்த வருடம் அவருடைய பந்துகள் ஓரமாகப் போக ஆரம்பித்திருந்தன. போனில் என்னிடம், "நான் சரியாத்தான் எறியுதேன்ளா. இதுதான் தப்பா காட்டுது. நல்லதா ஏதும் இருந்தா வாங்கிட்டு வா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வால்களைச் செருகினேன். புது பேட்டரி போட்டேன். ரிமோட்டைச் சற்று நேரம் அசையாமல் மேசைமேல் கவிழ்த்து வைக்கச் சொன்னது திரை. பிறகு வில் விளையாட்டைத் தேர்ந்தெடுத்தோம். ரிமோட்டை நீட்டிப் பிடித்து, திரையில் தெரியும் பலகையைக் குறி பார்த்து, பொத்தானை விட்டால் அம்பு பாயும். அண்ணன் விட்டான். நான் விட்டேன். மதினி ரிமோட்டைக் கையில் வாங்கியதும் அம்பின் நுனி நடுங்கியது. லேசாகத்தான், ஆனால் நிற்காமல். "இது கோளாறு போல" என்று என் ரிமோட்டைக் கொடுத்தேன். அதிலும் நடுங்கியது. மதினி அதை மேசைமேல் வைத்தார், நுனி நின்றது. எடுத்தார், நடுங்கியது. இடது கைக்கு மாற்றினார், நின்றது. மறுபடி வலது கை. பள்ளியில் அடிபட்ட பிள்ளையின் காலை மடக்கியும் நீட்டியும் பார்ப்பதுபோல, அவசரமில்லாமல் இதையெல்லாம் செய்தார். பிறகு, "காப்பி போடுதேன்" என்று சொல்லி உள்ளே போனார்.

நானும் பின்னால் போனேன். அடுப்பைப் பார்த்தபடியே பேசினார். மைதானத்தில் ஓட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும்போது நெளிகிறதாம். வருகைப் பதிவேட்டில் எழுத்து சின்னதாகிக்கொண்டே வருகிறதாம். "பிள்ளைகளுக்குத் தெரியும். ஒண்ணும் கேக்கல. கோட்ட அதுகளே போட்டுருது" என்றார். எட்டு மாதமாக இருக்கிறதாம். "மிசினு சரியில்லன்னே நினைச்சிக்கிட்டு இருந்தேன். நினைச்சிக்கிடணும்னு இருந்தேன்." பால் பொங்குகிறது என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் அண்ணன் என்னை வாசலுக்குக் கூப்பிட்டான். "ஏளா, இத எதுக்கு வாங்கிட்டு வந்தே?" என்றான். கோபமாகக்கூட இல்லை, வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாதவன் கேட்டதுபோல இருந்தது. மறுநாள் வால்களைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டு, பழையபடி பந்து உருட்டுவோம் என்றான். மதினி எறிந்தார். ஒரு பந்து நேராகப் போய் எல்லாக் கட்டைகளையும் சாய்த்தது. நாங்கள் இருவரும் தேவைக்கு அதிகமாகக் கை தட்டினோம். மதினி எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்புறம் எங்களால் தட்டவும் முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

அடுத்த வாரம் நரம்பு மருத்துவர் ஒரு தாளில் சுருள் வட்டம் வரையச் சொன்னார். நடுக்குவாதம் என்றார். மாத்திரையால் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம், போக்க முடியாது. பள்ளியில் மதினியை மைதானத்திலிருந்து நூலகத்துக்கு மாற்றினார்கள். மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. நடுங்கும் கையின் அசைவைத் திரையில் சீராக்கிக் காட்ட வழி உண்டு என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் அப்படி ஒன்றைச் சோதித்தும் இருக்கிறேன். கைக்கு அப்படி ஒன்று கிடையாது. அது தெரிந்தும், ஒவ்வொரு விடுமுறைக்கும் ஏதாவது வாங்கிப் போனேன்: கனம் கூடிய பிடி, மணிக்கட்டுப் பட்டை, அப்புறம் புதிதாக வந்த ரிமோட். "இது இன்னும் துல்லியம், மதினி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "இன்னும் துல்லியம் எதுக்குளா?" என்று சிரித்தார்.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகின்றன. போன மாதம் போயிருந்தபோது மதினிக்குச் சோற்றைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தான் அண்ணன். அவன் மாத்திரை வாங்க வெளியே போனதும், "அந்த வால எடுத்து மாட்டு. அம்பு ஆட்டம் போடு" என்றார் மதினி. அண்ணன் இல்லாத நேரத்தில் அவ்வப்போது ஆடிப் பார்ப்பாராம்; இப்போது தானாக மாட்ட முடியவில்லையாம். ரிமோட்டைப் பட்டையால் கையோடு கட்டிவிட்டேன். நுனி இப்போது பலகை முழுவதும் அலைந்தது. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் பின்னால் போய் அவருடைய மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்தேன். திரையில் நுனி ஏறக்குறைய நின்றது; நடுக்கம் என் உள்ளங்கைகளுக்குள் இருந்தது.

"விடுளா" என்றார் மதினி பைய. "இப்ப குறி பாக்குதது நீதான்."

மணிக்கட்டை விட்டேன். அம்பு பலகையைத் தாண்டிப் பின்னாலிருந்த மரங்களுக்குள் போயிற்று. "இன்னொண்ணு" என்று மறுபடி கையை நீட்டினார். என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பக்கத்தில் நின்றேன்.