ரூட் இரண்டும் தூத்துக்குடி குடோனும்

இரண்டின் வர்க்கமூலம் ஒன்று புள்ளி நான்கு ஒன்று நான்கு என்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். அதைக் கம்ப்யூட்டரும் கண்டுபிடிக்க வேண்டும் என்று மேற்குத் தாம்பரத்தில், தபால்வழி டிப்ளமாவின் பிராக்டிகல் பரீட்சையில் என்னை உட்கார வைத்தார்கள். இரண்டாயிரத்துச் சொச்சம். அப்போதே எனக்கு முன்வழுக்கை.

படிப்பின் மேல் காதல் ஒன்றும் கிடையாது. நான் டைப்பிஸ்டாக இருந்த கம்பெனியில் டைப்ரைட்டர்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். டிப்ளமா வாங்கும் டைப்பிஸ்டுக்குக் கம்ப்யூட்டர் செக்‌ஷன்; வாங்காதவனுக்குத் தூத்துக்குடி குடோன். மனைவிக்குச் சேலையூரில் டீச்சர் வேலை, அஸ்தினாபுரத்தில் அப்போதுதான் பால் காய்ச்சிய வீடு. ஃபெயிலானால் நான் மட்டும் உப்புக்காற்றில் மூட்டை எண்ண வேண்டியதுதான்.

கணக்கு லேசானது. விடை ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போய், மிச்சம் பொடியானதும் நிறுத்த வேண்டும். புரோகிராமை மனப்பாடம் செய்திருந்தேன். கீபோர்டைப் பார்க்காமல் தடதடவென்று அடித்துவிட்டு, ஒற்றை விரலால் எழுத்துத் தேடிக்கொண்டிருந்தவர்களைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தேன்.

அடித்தது சரிதானா என்று மெஷினையே பார்க்கச் சொல்லிக் கம்பைல் செய்தேன். திரை முழுக்க எர்ரர்.

பக்கத்து சீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "அங்கிள், செமிகோலன் போடவே இல்ல."

அங்கிள் விவகாரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வரிக்கு வரி செமிகோலன் போட்டேன். இருக்கட்டுமே என்று வேண்டாத இடத்திலும் போட்டேன். எர்ரர் கூடியது. எடுத்தேன், குறைந்தது. ஒன்று மட்டும் போகவே இல்லை. ஏதோ ஒரு எழுத்து அதற்குத் தெரியாதாம். அது காட்டிய வரியில் 'ஏ சமம் ஒன்று' என்பதைத் தவிர எதுவும் இல்லை. லட்ச ரூபாய் மெஷினுக்கு ஒன்று தெரியாதா? அழித்துவிட்டு அடித்தேன். அதே எர்ரர். அதற்குப் புரியட்டும் என்று மெதுவாக அடித்தேன். அதே எர்ரர். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தூத்துக்குடியில் மெஸ் சாப்பாடு எப்படி இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். திருத்தணி முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். இருக்கிற முடிக்கு அவர் சிரித்திருப்பார்.

வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் பின்னால் வந்து நின்றார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். திரையைப் பார்க்காமல் என் விரல்களையே பார்த்தார்.

"டைப்ரைட்டிங்கா சார்?"

"ஹையர் பாஸ், சார்."

"மெஷின்ல ஒண்ணு அடிக்க எந்தக் கீ?"

நானும் என் விரல்களைப் பார்த்தேன். நான் பழகிய பழைய மெஷினில் ஒன்றுக்குத் தனிக் கீயே கிடையாது. இங்கிலீஷ் சின்ன 'எல்' எழுத்தை அடித்தால் அதுதான் ஒன்று. விரல்கள் அதே பழக்கத்தில் புரோகிராம் முழுக்க ஒன்றுக்குப் பதில் 'எல்' அடித்துத் தள்ளியிருந்தன. அந்த மங்கல் திரையில் இரண்டும் ஒரே மாதிரிக் குச்சி.

"நானும் லோயர் பாஸ்தான்," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

தேடித் தேடி மாற்றினேன். எர்ரர் போயே போய்விட்டது. ஓடவிட்டேன். எண்கள் மாறி மாறி ஓடி 1.414214 வந்தது. அடுத்த வரியிலும் வந்தது. அதற்கடுத்த வரியிலும். நிற்கவே இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் பொடி எண்ணின் கடைசியில் ஒரு 'எல்' மிச்சம் இருந்திருக்கிறது. எண்ணின் வாலில் 'எல்' வந்தால் கம்ப்யூட்டருக்குத் தப்பில்லையாம்; அங்கே அது எர்ரர்கூடக் காட்டாமல் அந்த எண்ணையே பூஜ்யமாக்கிவிட்டது. அப்போது அது எங்கே தெரிந்தது? நான் மானிட்டரைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எக்ஸாமினர் என் கையை நகர்த்திப் பார்த்தார். "விடை வந்துடுச்சே. ஏன் நிறுத்தல?"

"நிக்க மாட்டேங்குது சார். ஃபெயிலானா தூத்துக்குடிக்குத் தூக்கிடுவாங்க சார்."

"நல்ல ஊருதானே. முந்திரி மக்ரூன் கிடைக்கும்."

பேப்பரை ஒரு கையால் மறைத்து மார்க் போட்டார். ஆபீசர் மேசைக்கு எதிரே நின்றே காலம் தள்ளியவனுக்குத் தலைகீழாகப் படிக்கத் தெரியாதா? விரல் இடுக்கில் பார்த்துவிட்டேன். பாஸ் மார்க், அதற்கு மேல் ஒரு பைசா இல்லை.

வாசல் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போட்டு வீட்டுக்குப் போன் செய்தேன். "தூத்துக்குடி கிடையாது," என்றேன்.

"எப்படியும் தனியா இருக்கப் பழகணுமேன்னு நான் ஒரு ஆளுக்குத்தான் அரிசி போட்டிருக்கேன்," என்றாள் மனைவி. "வரும்போது பரோட்டா வாங்கிட்டு வந்துடுங்க."