மொட்டைமாடியில் கரைத்த மஞ்சள்

பழைய பெயின்ட் வாளியில் தண்ணீர் பிடித்து, இரண்டு கரண்டி மஞ்சள்தூளைக் கொட்டி, முழங்கை வரை கையை விட்டுக் கலக்குகிறார் நந்தகுமார். செருப்பு படியிலேயே கிடக்கிறது. வெறுங்காலுக்குத்தான் தளத்தின் வாட்டம் தெரியுமாம். மூலையிலிருக்கும் மழைநீர்க் குழாயின் வாயில் வாளியை ஒரே மூச்சில் கவிழ்க்கிறார். பிறகு ஐம்பத்திரண்டு வயதை மறந்து, மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்குகிறார். மஞ்சள் எங்கே வந்து சேருகிறது என்று பார்க்க வேண்டும். ஓட்டத்தில் எப்போதும் மஞ்சள்தான் ஜெயிக்கும்.

அந்த மஞ்சள் வீட்டுச் சமையலறையிலிருந்துதான் வர வேண்டும். கடையில் சாயப்பொடி கிடைக்குமே என்று யாராவது சொன்னால் முறைப்பார். "சாயம் கெணத்துல எறங்கிச்சுன்னா? நாளைக்கு அத்தத்தான குடிக்கப் போற நீ?"

பைப்புத் துண்டுகளைக் கட்டிய டி.வி.எஸ். வண்டியில் மயிலாப்பூர், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் என்று சுற்றும் பிளம்பர் அவர். குழாய்களுக்கெல்லாம் அவர் வாயில் ஆள் மரியாதை உண்டு. "இவன் நல்லவன். அந்தாண்ட கீறான் பாரு, அவன்தான் திருடன்." வேலை முடியாமல் டீ குடிக்க மாட்டார். மழைக்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிட்டுப் போவார். மாடியில் சருகு வாரவும். சம்பை முழுசா ரொப்பவும். மூடி ஓரத்தில் சைக்கிள் டியூப் வைத்து இறுக்கவும். தண்ணி வாசப்படி தொட்டால் மெயினை அணைக்கவும். சம்பை, அதாவது தரைக்கு அடியிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியை, ஏன் நிரப்ப வேண்டும் என்று கேட்டால், "காலியா வெச்சா சாக்கடத் தண்ணி குடி வந்துரும். ரொம்பி இருந்தா எங்க பூரும்?" என்பார்.

போன புரட்டாசிக் கடைசியில் டீனாவின் கட்டடத்துக்கு அவர் கூப்பிடாமலே வந்தார். ராஜா அண்ணாமலைபுரத்தில் எட்டு வீடுகள் கொண்ட கட்டடம் அது. கீழ்வீட்டில் டீனாவும், மாதா கோயில் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அவளுடைய அப்பா வேதநாயகமும் இருந்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முந்தைய டிசம்பர் புயலில் கேட்டுக்கு மணல் மூட்டை அடுக்கிவிட்டு அவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் கேட் வழியாக வரவில்லை. குளியலறைத் தரையின் ஜல்லடை வழியாகக் கொப்பளித்து வந்தது. கட்டிலின் கால்கள் முழுகியதும் நாலு பேர் வேதநாயகத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மாடியேற்றினார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு கை நழுவியது. அன்றைக்கு முறிந்த இடுப்பெலும்பு பிறகு சேரவே இல்லை. இன்னொரு முறை இவரைத் தூக்கினால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வானம் கறுக்கும்போதெல்லாம் டீனா குளியலறையைத்தான் எட்டிப் பார்ப்பாள்.

மாடியில் அவர் கவிழ்த்த மஞ்சள் தண்ணீர், வந்து சேர வேண்டிய கேட்டோரத்து மழைநீர்க் குழிக்கு வரவில்லை. நந்தகுமார் அதைக் கிளறிப் பார்த்தார். இரண்டடிக்குக் கீழே களிமண். அது குழியே இல்லை, மேலே போட்ட ஜல்லி மட்டும்தான். எழுந்து போய்ப் பக்கவாட்டிலிருந்த சாக்கடைத் தொட்டியின் மூடியை நெம்பினார். கறுப்புத் தண்ணீரின் நடுவே மஞ்சள் சுழன்றுகொண்டிருந்தது.

"எட்டு வூட்டு மாடி மழையும் சாக்கடைக்குத்தான் போய்க்கினு கீது. அவன் ரொம்பினா இன்னா பண்ணுவான்? எது தாழ்வா கீதோ அங்க எகிறுவான்."

இரண்டாம் மாடி காமாக்ஷி மாமி முகவாயில் கை வைத்தாள். "கண்றாவி! எங்க தலைக்கு மேல பெஞ்ச மழையா இத்தனை நாளா டீனாவாத்துல போய்க் கொட்டிண்டிருந்தது? எந்தப் படுபாவிப்பா பண்ணினான் இதை?"

நந்தகுமார் மூடியைத் திரும்பப் பொருத்தினார். "நாந்தான் மாமி."

மாமியின் கை முகவாயிலிருந்து இறங்கியது.

"அப்ப எனக்கு முப்பது வயசு. எல்லா வூட்லயும் மழத்தண்ணி சேக்கணும்னு கவர்மென்ட்டு ஆர்டர் போட்ட டைமு. செக்கிங் வராங்கோ, பைப்பு வெளிய தெரிஞ்சா போதும்னாரு மேஸ்திரி. குழி தோண்ட டைம் இல்ல. சாக்கடையில சொருவி வுட்டேன். இந்த மாரி பதினேழு வூடு. புயல்ல எங்கூடும் முழுவிச்சு. அப்பதான் உறைச்சுது. ஒன்னொன்னா தேடிப் போய்க்கினு கீறேன். இது பன்னெண்டாவது."

டீனாவின் கண் படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போனது. உள்ளேயிருந்து வேதநாயகத்தின் குரல் வந்தது. "டீனா, அந்தாளை இங்க வரச் சொல்லு."

நந்தகுமார் கட்டிலருகே போய்க் கை கட்டி நின்றார். வேதநாயகம் மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும் கேக்காமலே வந்து தப்பை ஒத்துக்கிற பையனை என் சர்வீஸ்லயே நான் பார்த்ததில்லடா. பெஞ்சு மேல ஏத்தணும் உன்னை."

"ஏறிடறேன் சார். வேலைய முடிச்சுட்டு ஏறிடறேன்."

வேதநாயகம் சிரித்தார். டீனா சிரிக்கவில்லை. வேலை நடந்த ஒன்பது நாளும் அவள் அவரோடு பேசவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. கேட்டோரத்தில் ஆளுயரத்துக்கு மேல் தோண்டி சிமென்ட் உறைகள் இறக்கினார். மாடிக் குழாய்களைச் சாக்கடையிலிருந்து வெட்டி அங்கே திருப்பினார். கீழ்வீட்டுச் சாக்கடைக் குழாயில், உள்ளிருந்து வெளியே மட்டும் திறக்கும் ஒரு வால்வைப் பொருத்தினார்.

வேதநாயகம் ஜனவரிக் கடைசியில் தன் கட்டிலிலேயே, தூக்கத்தில், ஒரு நோவும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். அப்படியொரு சாவு அவருக்குக் கிடைத்ததற்காக டீனா தினமும் ஜெபத்தில் நன்றி சொல்கிறாள். சொல்லும்போதெல்லாம் அவளுக்கு அந்தச் சாவுக்கு முந்தின நவம்பரில் ஒரு மத்தியானம் நினைவுக்கு வருகிறது.

அன்று இரண்டாவது நாளாக மழை விடவில்லை. தெருவில் முழங்கால் வரை தண்ணீர். நந்தகுமார் வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நேரே குளியலறைக்குள் போய் ஜல்லடை எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உள்ளே களுக் களுக்கென்று சத்தம் கேட்டது. ஒரு மணி நேரம் ஆயிற்று. சத்தம் மட்டும்தான் வந்தது.

"வரல சார்," என்றார், அறை வாசலில் வந்து நின்று.

"எல்லாரும் சேர்ந்து பொய் சொல்றீங்க," என்றார் வேதநாயகம். அவரால் தலையைத் தூக்கித் தரையைப் பார்க்க முடியாது. மழைச் சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. "கிழவன் பயப்படுவான்னு சொல்றீங்க. கட்டிலுக்குக் கீழ தண்ணி நிக்குது. எனக்குத் தெரியும்."

"இல்ல டாடி."

"நீ சும்மா இரு. அவன் காட்டட்டும்."

நந்தகுமார் தன் கைகளைப் பார்த்தார்; ஈரக் கை தரை காய்ந்திருப்பதைக் காட்டாது. சட்டை, லுங்கி, தலை எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்க அவர் மேல் நனையாத இடமே இல்லை. டீனா அலமாரியைத் திறந்து அப்பாவின் சலவைத் துண்டு ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"துடைச்சுக்குங்க அண்ணா."

அவர் வலது கையை விரல் விரலாகத் துடைத்தார். மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் தோள் வரை நுழைத்து, தரையோடு அழுத்தி இழுத்து, உள்ளங்கையை வேதநாயகத்தின் முகத்துக்கு நேரே விரித்தார். சாம்பல் நிறத் தூசி. நடுவில் ஒரு நரைமுடி.

வேதநாயகம் அந்தத் தூசியைக் கட்டைவிரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "டீனா, நீ கட்டிலுக்கு அடியில பெருக்கறதே இல்லையா?" என்றார். டீனா சிரிக்க ஆரம்பித்து, அழுதாள்.

நந்தகுமார் எழுந்து துண்டைக் கொடியில் போட்டார். தூசியிருந்த அந்தக் கையைத் துடைக்காமல் மெல்ல மூடிக்கொண்டார்.