மல்லிகாவுக்குப் போட்ட ஆயிரத்து இருநூறு கலோரி

காலை பதினொன்றரை மணிக்கு மல்லிகாவை அவள் புருஷன் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒரு பெண் பிடித்துக்கொள்ள, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தார். முழங்கால் வரை சேறு. உடம்பெல்லாம் வேர்வை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து யாரையோ பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். சுகர் பார்த்தேன், நாற்பத்தாறுக்கு இறங்கிக் கிடந்தது. டாக்டர் ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றினார். முப்பது வருஷ சர்வீஸில் இதைவிட மோசமான கேஸ் எவ்வளவோ பார்த்தவள் நான். ஆனால் இந்தக் கேஸை உண்டாக்கியதே நான்தான்.

மல்லிகாவுக்கு ஊர் சாலவாக்கம் பக்கம். நாற்பத்தைந்து வயது, எண்பத்திரண்டு கிலோ, சுகருக்கு மாத்திரை. தொப்புளில் குடலிறக்கம் வேறு. காஞ்சிபுரத்தில் சர்ஜன், எட்டு கிலோ குறைத்தால்தான் ஆபரேஷன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வலி வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவாள். "எப்டியாச்சும் எறக்கி வுடுங்க சிஸ்டர்" என்று என்னிடம் வந்தாள்.

அந்தச் சமயம், சாப்பிடுவதையெல்லாம் போனில் கணக்கு வைக்கிற ஒரு கலோரி ஆப்பால் எனக்கே நாலு கிலோ குறைந்திருந்தது. கொஞ்சம் திமிர் என்றே சொல்லலாம். வருகிறவர்கள் எல்லோருடைய போனிலும் அதை ஏற்றிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை பி.பி., சுகர் கிளினிக். வரிசையில் அறுபது பேர், நான் ஒருத்தி. மல்லிகாவின் வயது, உயரம், எடை எல்லாம் போட்டேன். அடுத்து, என்ன வேலை செய்கிறவர் என்று ஆப் கேட்டது.

"இன்னா வேலைக்குப் போறே மல்லிகா?"

"வேலைக்கெல்லாம் போவல சிஸ்டர். வூட்டுல சொம்மாதான் கீறேன்."

'உட்கார்ந்தே இருப்பவர்' என்ற முதல் கட்டத்தைத் தொட்டேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி என்று வந்தது; அதைத் தாண்டினால் நம்பர் சிவப்பாக மாறும். எனக்கும் அதுதான் வந்திருந்தது, அதனால் சந்தேகமே வரவில்லை. சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சாப்பாட்டைக் குறைத்தால் டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவையும் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் சுகர் ஒரேயடியாக இறங்கிவிடும். அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரமும் வரிசையில் அறுபது பேர்.

மல்லிகாவைப்போல் ஒழுங்காகக் கணக்கு வைத்தவள் யாருமில்லை. கரண்டி கணக்கில் சோறு, குழம்பு, டீக்குப் போட்ட சர்க்கரை, எல்லாம் ஏற்றுவாள். மூன்று வாரத்தில் மூன்றரை கிலோ குறைந்தாள். "பாருங்க, இவளைப் பாத்துக் கத்துக்குங்க" என்று வரிசையில் நின்றவர்களிடம் காட்டினேன். அவள் முகம் வாடியிருந்தது தெரிந்தது. எடை குறைந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நாலாவது வாரம்தான் இப்படி வந்து சேர்ந்தாள்.

குளுக்கோஸ் ஏறியதும் கண் தெளிந்தது. டாக்டர் அவள் போனை வாங்கிப் பார்த்தார். என் பிள்ளை வயசுதான் அவருக்கு. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, நிதானமாகக் கேட்டார்.

"இவங்க வேலைக்குப் போறவங்களா சிஸ்டர்?"

"இல்ல சார். வீட்லதான் இருக்கேன்னு சொன்னா."

காலில் ஒட்டியிருந்த வயல் சேற்றைப் பார்த்துவிட்டு மல்லிகாவிடம் திரும்பினேன். "ஏம்மா, நடவுக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"அது எங்க கயனிதானே சிஸ்டர். கூலிக்கா போறேன்?"

அவள் பொய் சொல்லவில்லை. இந்தப் பக்கம் கூலி வாங்கினால்தான் வேலை. சொந்த நிலத்தில் விடிகாலையிலிருந்து நாற்று பிடுங்கி, குனிந்து நட்டு, மாட்டைப் பார்த்து, வீடு வந்து சமைத்தாலும் 'சும்மா இருப்பது'தான். வாலாஜாபாத் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, என் அம்மாவும் அப்படியே சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கே அது தோன்றாமல் போனதற்கு என்ன சாக்கு சொல்வது? வெட்கமாக இருந்தது.

அவள் புருஷன் வாசலில் நின்றுகொண்டு, "நட்றவங்களுக்கெல்லாம் சோறு எட்த்துக்கினு வந்து போட்டா சிஸ்டர். இவ மட்டும் துண்ணல" என்றார்.

"ஏன் மல்லிகா?"

"துண்ணா நம்பர் செவப்பா வந்துரும். அத பாத்துட்டு ஆபரேசன் இல்லன்னுடுவாங்களோன்னு பயந்துட்டேன்" என்றாள்.

அந்த ஆப்பை அவளையும் என்னையும் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை என்று நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அவரே உட்கார்ந்து சாப்பாட்டு அளவைக் கூட்டிப் போட்டார். எடை மெதுவாகத்தான் இறங்கியது. பாக்கி நாலரை கிலோவுக்கு ஆறு மாதம் ஆனது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் பார்க்கப் போனபோது சர்ஜன் சொல்லிக்கொண்டிருந்தார், மூன்று மாதம் குனியக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது என்று.

மல்லிகாவின் புருஷன் தலையைச் சொறிந்தார். "மூணு மாசமா? அப்ப கயனிக்கு ரெண்டு ஆள் வெக்கணும். மாட்டுக்கு ஒரு ஆள் வேணும்."

அடுத்த வருஷம் நான் ரிட்டயர் ஆகிறேன். உடம்பு ஓய்ந்துவிட்டது, வரிசை மட்டும் குறையவில்லை. புதிதாக வருகிற சிஸ்டர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். என்ன வேலை என்று கேட்காதீர்கள். நான் இப்போது, "நீ மூணு மாசம் படுத்துட்டா எத்தினி ஆள் வெக்கணும்?" என்று கேட்கிறேன். அவர்கள் விரல்விட்டு எண்ணி முடிக்கும்வரை போனைத் தொடுவதில்லை.