வெறுங்கைகளின் ஆராய்ச்சி

“அப்ப உங்கட கையில என்ன இருந்தது?” என்று கேட்டுவிட்டு, றோஸி மிஸ் பேனாவை அட்டையின்மேல் நிறுத்திக் காத்திருந்தார்.

வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருக்கும் பலீல் ஹாஜியார் யோசித்தார். “ஒண்டுமில்ல மிஸ். கதிரையொண்டப் போட்டு பக்கத்துத் தமிழாக்கள்ட ஊட்டு வாசல்ல குந்திக்கிட்டு ஈந்தேன். கையில டீக் கோப்பதான்.”

“குடிச்சனீங்களா?”

“குடிக்கிறதா! கை நடுங்கி சாரனெல்லாம் டீ.”

மிஸ் அதையும் எழுதிக்கொண்டார்: தேநீர், சிந்தியது.

எண்பத்துமூன்று ஜூலையில் கொழும்பு எரிந்தபோது, தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பலின் முன்னால் ஆயுதமில்லாமல் போய் நின்றவர்களை அவர் ஆறு வருடமாகத் தேடுகிறார். இப்போது தொண்ணூற்றேழு. பலீல் அறுபத்தோராவது ஆள். கொட்டாஞ்சேனையில் தனியாகக் குடியிருந்து, களனிப் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறிப்போய் அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கும் றோஸி ஸ்ரனிஸ்லாஸுக்கு அகிம்சை பற்றிய நூல்கள்மேல் ஒரு மனக்குறை உண்டு. “எல்லாம் மகான்மாரின்ர கதை. மகான்மாருக்குப் பயமில்லை. பயந்த ஆக்கள் என்ன செய்தவை எண்டுதான் எனக்குத் தெரியவேணும்.”

ஆளுக்கொரு அட்டை. தமிழில் சொன்னதைத் தமிழிலும், சிங்களத்தில் சொன்னதைச் சிங்களத்திலும் எழுதுவார். எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கும். அந்தத் தகரம் அவருடனேயே பஸ்ஸேறும், பூசைக்கும் வரும். ஒருதரம் எரிந்த நகரத்தில் அதை வீட்டில் விட்டுவர மனமில்லை. கொச்சிக்கடையில் மீன்காரியிடம் அந்த ஜூலையைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு, வாங்கிய மீனை அங்கேயே விட்டுவந்திருக்கிறார். பஸ்ஸில் இரண்டுபேர் சண்டை பிடித்தால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மிஸ் மணிக்கூட்டைப் பார்ப்பார், எத்தனையாவது நிமிடத்தில் யார் விலக்குப் பிடிக்கிறார் என்று.

பலீலின் கடையிலிருந்து திரும்பும் வழியில், காலி வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். தகரத்தைத் திறந்தால் தெருப் பெயர்கள், கும்பலில் எத்தனை பேர், எந்தப் பக்கத்தால் வந்தார்கள். போர்க்காலத்தில் பொலிஸ்காரருக்குச் சந்தேகப்பட அது போதும்.

பொலிஸ் நிலையத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் சிங்கள அட்டைகளை ஒன்றொன்றாக வாசித்தார். இரண்டு மணித்தியாலம். மேசைக்குக் கீழே மிஸ்ஸின் முழங்கால் தன்பாட்டில் ஆடியது. கையால் அழுத்திப் பார்த்தார், நிற்கவில்லை. இங்கிருந்து வீட்டுக்குப் போகாதவர்களையும் அவருக்குத் தெரியும். ஆனாலும், கை நடுங்கியதென்று பலீல் சொன்னது பொய்யில்லை என்று அந்த நேரத்திலும் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

“இப்படி வெறுங்கையோடு போய் நிற்பது பலிக்குமா?” இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

“நாற்பத்துநான்கு தரம் பலித்தது சேர்,” மிஸ்ஸும் சிங்களத்திலேயே சொன்னார்.

“மிச்சம் பதினேழு?”

“வீடு போனது. சிலருக்கு உயிரும் போனது.”

“அதையேன் எழுதினீர்கள்? உங்கள் கட்சியல்லவா தோற்கிறது?”

“அதை விட்டால் இது ஆராய்ச்சியில்லை சேர். பிரசங்கம்.”

இன்ஸ்பெக்டர் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஆள் சரிதானா என்று விசாரித்தார். மிஸ்ஸை வெளியே மர வாங்கில் உட்காரச் சொன்னார். அரை மணி கழித்துத் தகரத்தை மூடிக் கையில் கொடுத்து, “போங்கள்” என்றார்.

அன்று பின்னேரம் மிஸ் சோறும் பருப்பும் வயிறாரச் சாப்பிட்டார். உயிரோடு வீடு திரும்பியவருக்கு அந்தப் பருப்பு அவ்வளவு ருசித்தது. பிறகு மேசையில் அட்டைகளைப் பரப்பி வரிசைப்படுத்தினார். ஒரு சிங்கள அட்டையில் சிவப்பு மை தெரிந்தது. சிங்கள எழுத்தில் இரண்டு ‘ன’ உண்டு, ஒலி ஒன்றுதான். எது எங்கே வரும் என்பது மிஸ்ஸுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மூன்று இடத்தில் பிழை. மூன்றையும் யாரோ வட்டமிட்டு, சரியான எழுத்தை மேலே அழகாக எழுதியிருந்தார்கள்.

மிஸ் தனியே இருந்து வாய்விட்டுச் சிரித்தார். புது அட்டையில் திருப்பி எழுதலாமா என்று ஒரு கணம் யோசித்தார். எழுதவில்லை. பேனாவைத் திறந்து, அட்டையின் அடியில், ஒவ்வொரு எழுத்தாக யோசித்துச் சிங்களத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘எழுத்துப்பிழை திருத்தி உதவியவர்: ஓர் இன்ஸ்பெக்டர். பெயர் கேட்கத் தவறிவிட்டேன்.’